ஓஎஸ்பிஎஃப் லேபில் பாதை வரவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழிமுறை

சிஸ்கோவின் சிசிஎன்ஏ நெட்வொர்க்கிங் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் ரவுட்டிங் பகுதியில், அதிலும் ரவுட்டர்கள் தங்களுக்குள் பாதைகளைச் சொல்லிக்கொள்ளும் ஓஎஸ்பிஎஃப் புரோட்டோகாலில், சிக்கிக்கொள்வது பெரும்பாலும் பாடம் புரியாததால் இல்லை. கான்ஃபிக் முழுவதையும் அடித்திருப்பார்கள். எங்கோ ஓர் எண் மாறியிருக்கும், பிங் போகாது. உடனே கை தானாக 'நோ ரவுட்டர் ஓஎஸ்பிஎஃப் 1' என்று அடித்து எல்லாவற்றையும் அழித்துவிடும். திரும்ப முதலிலிருந்து அடித்தால் வேலை செய்யலாம். ஆனால் எது தப்பாக இருந்தது என்பது கடைசிவரை தெரியாமலே போய்விடும். தேர்வில் அதே தப்பை இரண்டு ரவுட்டர்களின் அவுட்புட்டாகக் காட்டி, "ஏன் நெய்பர் ஆகவில்லை?" என்று கேட்பார்கள். அங்கே அழித்துப் பார்க்க வழியில்லை, படித்துப் பார்க்கத்தான் முடியும்.

அதனால் இங்கே ஒரே ஒரு பிடிவாதம் வைத்திருக்கிறேன்: எதையும் மாற்றுவதற்கு முன்னால் ரவுட்டர் என்ன சொல்கிறது என்று கேட்டுவிடுங்கள். 200-301 என்ற எண்ணுள்ள இந்தத் தேர்வில் ஐபி கனெக்டிவிட்டி பகுதிக்கு 25 சதவீதம் ஒதுக்கியிருக்கிறார்கள். 2020 பிப்ரவரியில் இந்தப் பாடத்திட்டம் வந்தபோது ரிப், இஐஜிஆர்பி என்ற மற்ற இரண்டு ரவுட்டிங் புரோட்டோகால்களையும் கான்ஃபிகர் செய்யும் பாடங்கள் போய்விட்டன. மிஞ்சியவை கையால் எழுதும் ஸ்டாட்டிக் ரவுட்டும் ஒற்றை ஏரியா ஓஎஸ்பிஎஃபும். பரப்பு குறைந்தது, ஆழம் கூடியது. ஒவ்வொரு நிலையையும் பெயர் சொல்லத் தெரிந்தால் மட்டும் போதாது, அந்த நிலையில் ஏன் நிற்கிறது என்றும் தெரிந்திருக்க வேண்டும்.

எல்லா அறிகுறிக்கும் ஒரே லேபை வைத்துக்கொள்வோம். ஆர்1, ஆர்2, ஆர்3 என்று மூன்று ரவுட்டர்கள், வரிசையாக. ஆர்1-க்குப் பின்னால் 192.168.10.0/24, ஆர்3-க்குப் பின்னால் 192.168.30.0/24. ஆர்1–ஆர்2 இணைப்பு 10.0.12.0/30, ஆர்2–ஆர்3 இணைப்பு 10.0.23.0/30. ஆர்2-லிருந்து வெளியே இன்டர்நெட்டுக்கு ஒரு வழி. எல்லாம் கிகாபிட் ஈதர்நெட், எல்லாம் ஏரியா 0. சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் என்ற சிமுலேட்டரில் பத்து நிமிடத்தில் கட்டிவிடலாம். கமாண்டுகளை ஒலிப்படி எழுதியிருக்கிறேன், ரவுட்டரில் வழக்கம்போல ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு பாதை ரவுட்டிங் டேபிளில் வந்து உட்காருவதற்கு முன் சில கட்டங்களைத் தாண்டுகிறது. முதலில் இன்டர்ஃபேஸ் அப் ஆக வேண்டும். அப்புறம் ஹலோ பாக்கெட்டுகள் பரிமாறி நெய்பர் உறவு உண்டாக வேண்டும். பிறகு ஒவ்வொரு ரவுட்டரும் தன் இணைப்புகளைப் பற்றி அனுப்பும் எல்எஸ்ஏ என்ற அறிவிப்புகள் வந்து டேட்டாபேஸில் சேர வேண்டும். கடைசியாக அந்த டேட்டாபேஸின் மேல், மிகக் குறைந்த விலையுள்ள வழியைத் தேடும் எஸ்பிஎஃப் கணக்கு ஓடி, விடை டேபிளுக்குப் போக வேண்டும். டேபிளில் ஒரு வரி இல்லையென்றால் கோளாறு அதற்கு முந்தைய ஏதோ ஒரு கட்டத்தில்தான் இருக்கிறது. எந்தக் கட்டம்வரை சரியாக வந்திருக்கிறது என்று கண்டுபிடித்தாலே பாதி வேலை முடிந்தது.

அறிகுறி: பிசியிலிருந்து பிசிக்கு பிங் போகவில்லை, எங்கே நிற்கிறது என்றும் தெரியவில்லை

பிங் தோற்றுப்போகும் விதத்தையே முதலில் படியுங்கள். விண்டோஸ் பிசியில் மூன்று வகைத் தோல்வி வரும், மூன்றும் மூன்று இடத்தைக் காட்டும்.

"டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்" என்ற பதில் பிசியின் சொந்த ஐபியிலிருந்தே வந்தால், பாக்கெட் பிசியை விட்டே கிளம்பவில்லை. டிஃபால்ட் கேட்வேயை ஆர்ப் (ஐபி முகவரிக்கு உரிய மேக் முகவரியைக் கேட்கும் முறை) மூலம் கண்டுபிடிக்க முடியவில்லை என்று பொருள். கேட்வே முகவரி, கேபிள், விலான் மூன்றையும் பாருங்கள். இந்த நேரத்தில் ஓஎஸ்பிஎஃபைத் தொடவே வேண்டாம்.

அதே பதில் 192.168.10.1-லிருந்து வந்தால், பாக்கெட் ஆர்1 வரை போய்விட்டது. ஆர்1-க்குத்தான் மேலே போக வழி தெரியவில்லை. இப்போது ஆர்1-இல் 'ஷோ ஐபி ரூட்' பாருங்கள்.

"ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்" வந்தால் யாரும் எதுவும் சொல்லவில்லை. பாக்கெட் போய்ச் சேர்ந்திருக்கலாம், பதில் திரும்பி வர வழியில்லாமல் இருக்கலாம். எதிர்முனை பிசியின் ஃபயர்வால் தடுத்திருக்கலாம். இதில் பலரும் போகிற பாதையையே திரும்பத் திரும்பச் சோதிக்கிறார்கள். ஆர்3-க்கு 192.168.10.0/24 தெரியுமா என்று பார்க்க மறந்துவிடுகிறார்கள். ரவுட்டிங்கில் போகிற வழி வேறு, வருகிற வழி வேறு. இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்.

முதல் பாக்கெட் மட்டும் தவறி, மீதியெல்லாம் போனால் அது கோளாறே இல்லை. ஆர்ப் நடந்து முடிவதற்குள் முதல் பாக்கெட்டின் நேரம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான். ரவுட்டரிலிருந்து பிங் செய்யும்போது ஒரு புள்ளியும் நான்கு ஆச்சரியக்குறியும் வந்தால் நிம்மதியாக இருங்கள்.

அறிகுறி: ரவுட்டரிலிருந்து பிங் போகிறது, பிசியிலிருந்து போகவில்லை

ரவுட்டரில் வெறுமனே பிங் அடித்தால், வெளியே போகும் இன்டர்ஃபேஸின் முகவரியைத்தான் அது சோர்ஸாக வைக்கும். ஆர்1-லிருந்து 192.168.30.1-க்கு பிங் அடித்தால் சோர்ஸ் 10.0.12.1. ஆர்3-க்கு 10.0.12.0/30 தெரிந்திருந்தால் பதில் வந்துவிடும். ஆனால் பிசியின் முகவரி 192.168.10.10. ஆர்3-க்கு அந்த நெட்வொர்க் தெரியாவிட்டால் பதில் திரும்பாது.

இதைப் பிசி பக்கம் போகாமலே சோதிக்கலாம்: 'பிங் 192.168.30.1 சோர்ஸ் 192.168.10.1'. இது தோற்று, சாதா பிங் வென்றால், ஆர்1-இன் லேன் மற்ற ரவுட்டர்களுக்கு அறிவிக்கப்படவில்லை என்று ஏறக்குறைய முடிவே செய்துவிடலாம். ஆர்1-இல் அந்த லேனுக்கான 'நெட்வொர்க்' வரி விடுபட்டிருக்கும். சோர்ஸ் போட்டு பிங் அடிக்கும் பழக்கத்தை இன்றைக்கே பிடித்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் போன பிறகும் உங்களை அதிகம் காப்பாற்றப்போகிற கமாண்ட் இதுதான்.

அறிகுறி: 'ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் நெய்பர்' காலியாக இருக்கிறது

புதிதாகப் படிக்கிறவர்கள் அதிக நேரம் செலவழிக்கும் இடம் இது. கொஞ்சம் நிதானமாகவே போவோம்.

முதலில் 'ஷோ ஐபி இன்டர்ஃபேஸ் பிரீஃப்'. "அட்மினிஸ்ட்ரேட்டிவ்லி டவுன்" என்றால் 'நோ ஷட்டவுன்' அடிக்க மறந்திருக்கிறீர்கள். சிஸ்கோ ரவுட்டர் இன்டர்ஃபேஸ்கள் தொடக்கத்தில் ஷட்டவுனில்தான் இருக்கும். அப்–அப் என்று இருந்தால் எதிர்முனைக்கு பிங் அடித்துப் பாருங்கள். அதுவே போகாவிட்டால் ஓஎஸ்பிஎஃப் பேச்சுக்கே இடமில்லை. முகவரியிலோ கேபிளிலோ பிரச்சினை.

பிங் போகிறது, நெய்பர் மட்டும் வரவில்லை என்றால் அடுத்த கேள்வி: அந்த இன்டர்ஃபேஸில் ஓஎஸ்பிஎஃப் ஓடுகிறதா? 'ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் இன்டர்ஃபேஸ் பிரீஃப்' பாருங்கள். பட்டியலில் அந்த இன்டர்ஃபேஸ் இல்லையென்றால் 'நெட்வொர்க்' வரி அதைப் பிடிக்கவில்லை. 'நெட்வொர்க்' கமாண்ட் "இந்த நெட்வொர்க்கை அறிவி" என்று சொல்வதாகப் பலர் நினைக்கிறார்கள். அது உண்மையில் "இந்த வரம்புக்குள் முகவரி உள்ள இன்டர்ஃபேஸ்களில் ஓஎஸ்பிஎஃபை ஓட்டு" என்றுதான் சொல்கிறது. அந்த இன்டர்ஃபேஸின் சப்நெட் அறிவிக்கப்படுவது அதன் விளைவு.

இங்கே அந்த வரம்பைக் குறிக்கும் வைல்டுகார்டு மாஸ்க்தான் அடிக்கடி கவிழ்க்கும். /30-க்குச் சரியான வைல்டுகார்டு 0.0.0.3. அதை 0.0.0.1 என்று எழுதினால் வரம்பு 10.0.12.0, 10.0.12.1 என்ற இரண்டு முகவரிகளோடு முடிந்துவிடும். ஆர்1-இன் முகவரி 10.0.12.1, அது பிடிபடும். ஆர்2-இன் முகவரி 10.0.12.2, அது வெளியே நிற்கும். இரண்டு ரவுட்டரிலும் ஒரே வரிதான் இருக்கிறது, ஒன்றில் வேலை செய்கிறது, மற்றதில் இல்லை. பார்ப்பவர்களுக்குப் பைத்தியம் பிடிக்கும். 10.0.12.0-உடன் 0.0.0.0 போட்டாலும் இதே கதைதான்: சரியாக 10.0.12.0 என்ற முகவரி உள்ள இன்டர்ஃபேஸை அது தேடும், அப்படி ஒன்று இருக்கவே முடியாது. 0.0.0.0 போட விரும்பினால் இன்டர்ஃபேஸின் முழு முகவரியையும் எழுதுங்கள்.

இன்டர்ஃபேஸ் பட்டியலில் இருக்கிறது, ஆனாலும் நெய்பர் இல்லை என்றால் 'ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் இன்டர்ஃபேஸ்' என்ற முழு அவுட்புட்டையும் இரண்டு ரவுட்டரிலும் எடுத்து அருகருகே வையுங்கள். "நோ ஹலோஸ்" என்றும் "பாசிவ் இன்டர்ஃபேஸ்" என்றும் சேர்ந்து வருகிற வரி கண்ணில் பட்டால் தேடல் முடிந்தது. 'பாசிவ்-இன்டர்ஃபேஸ் டிஃபால்ட்' போட்டுவிட்டு, ரவுட்டர்களை இணைக்கும் இன்டர்ஃபேஸுக்கு மட்டும் 'நோ' கொடுக்க மறந்திருப்பீர்கள். லேன் பக்கம் பாசிவாக இருப்பதுதான் முறை. ஹலோ போகாது, ஆனால் அந்த சப்நெட் தொடர்ந்து அறிவிக்கப்படும்.

அந்த வரி இல்லையென்றால், ஹலோவில் பொருந்த வேண்டியவற்றை ஒப்பிடுங்கள். ஏரியா எண் ஒன்றாக இருக்க வேண்டும். சப்நெட்டும் மாஸ்க்கும் ஒன்றாக இருக்க வேண்டும்; ஈதர்நெட் போன்ற பிராட்காஸ்ட் இணைப்பில் மாஸ்க் மாறினால் ஹலோவைத் தூக்கி எறிந்துவிடும். ஹலோ, டெட் நேரங்கள் பொருந்த வேண்டும், ஈதர்நெட்டில் இயல்பாக 10, 40 நொடிகள். ஒருவர் ஹலோவை மட்டும் 5 என்று மாற்றினால் டெட் தானாக 20 ஆகிவிடும், அதனால் அவுட்புட்டில் இரண்டு எண்ணும் மாறியிருக்கும். டெட்டை மட்டும் மாற்றினால் ஹலோ அப்படியே இருக்கும். அத்தென்டிகேஷன் ஒருபக்கம் இருந்து மறுபக்கம் இல்லாவிட்டாலும் உறவு வராது.

ரவுட்டரின் அடையாள எண்ணான ரவுட்டர் ஐடி மட்டும் நேர்மாறு: அது பொருந்தக் கூடாது. ஆர்1-இன் கான்ஃபிகை நகலெடுத்து ஆர்2-இல் ஒட்டும்போது 'ரவுட்டர்-ஐடி 1.1.1.1' சேர்ந்தே வந்துவிடும். அதைத் திருத்திவிட்டு 'கிளியர் ஐபி ஓஎஸ்பிஎஃப் பிராசஸ்' அடிக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் பிராசஸ் புது ஐடியைத் தானாக எடுத்துக்கொள்ளாது.

பிராசஸ் ஐடி பொருந்த வேண்டியதில்லை. ஆர்1-இல் 'ரவுட்டர் ஓஎஸ்பிஎஃப் 1', ஆர்2-இல் 'ரவுட்டர் ஓஎஸ்பிஎஃப் 50' என்று இருக்கலாம். அந்த எண் அந்த ரவுட்டருக்குள் மட்டும் பொருள் உள்ளது. இதைத் தவறான விடையாக வைத்து ஆசை காட்டும் கேள்விகள் நிறைய உண்டு, மயங்காதீர்கள்.

கடைசிச் சந்தேகம் ஏசிஎல், அதாவது பாக்கெட்டுகளை அனுமதிக்கவோ தடுக்கவோ இன்டர்ஃபேஸில் வைக்கும் விதிப் பட்டியல். ஓஎஸ்பிஎஃப் டிசிபியிலும் போகாது, யுடிபியிலும் போகாது. ஐபிக்கு நேர் மேலே 89 என்ற புரோட்டோகால் எண்ணில், 224.0.0.5 என்ற மல்டிகாஸ்ட் முகவரிக்குப் போகும். உள்வரும் திசையில் வைத்த ஏசிஎல் டிசிபி, யுடிபி, ஐசிஎம்பி மூன்றையும் அனுமதித்திருந்தாலும், கண்ணுக்குத் தெரியாத கடைசி 'டினை' ஓஎஸ்பிஎஃபைத் தடுத்துவிடும். பிங் அழகாகப் போகும், நெய்பர் வராது. ஏசிஎல் போட்ட உடனேயும் உறவு அறுந்துவிடாது. டெட் நேரமான 40 நொடி ஓடி முடிந்த பிறகுதான் அறும். அதற்குள் நீங்கள் வேறு எதையோ மாற்றியிருந்தால் பழி அதன் மேல் விழும். அதனால்தான் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் செய்துவிட்டு ஒரு நிமிடமாவது பொறுத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

அறிகுறி: நெய்பர் தெரிகிறது, ஆனால் இனிட்டில் நிற்கிறது

இனிட் என்றால் அவர் ஹலோ எனக்குக் கேட்டது, ஆனால் அவருடைய ஹலோவில் என் ரவுட்டர் ஐடி இல்லை. அதாவது என் ஹலோ அவருக்குப் போய்ச் சேரவில்லை, அல்லது சேர்ந்தும் அவர் ஏற்கவில்லை. ஆர்1-இல் இனிட், ஆர்2-இல் பட்டியலே காலி என்றால், கோளாறு ஆர்1-லிருந்து ஆர்2-க்குப் போகும் திசையில். ஆர்2-இன் உள்வரும் ஏசிஎல்லை முதலில் பாருங்கள். ஆர்1-இல் வெளிப்போகும் திசையில் உள்ள ஏசிஎல்லைச் சந்தேகப்பட வேண்டாம். ரவுட்டர் தானே உண்டாக்கும் பாக்கெட்டை அது வடிகட்டாது.

டைமரோ ஏரியாவோ பொருந்தாவிட்டால் இரண்டு பக்கமும் ஹலோவை எறிந்துவிடும், அதனால் இரண்டு பக்கமும் பட்டியல் காலியாக இருக்கும். ஒருபக்கம் மட்டும் இனிட் என்பது வேறு செய்தி.

அறிகுறி: டூ-வேயில் நிற்கிறது

முதலில் இது கோளாறுதானா என்று பாருங்கள். ஒரே சுவிட்சில் நான்கு ரவுட்டர்கள் இருந்தால் ஒன்று டிஆர் (எல்லோர் சார்பிலும் தகவலைப் பரிமாறும் தலைமை ரவுட்டர்), ஒன்று பிடிஆர் (அதற்கு மாற்று), மீதி இரண்டும் டிஆர்-அதர். அந்த மீதி இரண்டுக்கும் நடுவே உறவு டூ-வேயோடு நின்றுவிடும், நிற்கத்தான் வேண்டும். அவை டிஆர், பிடிஆர் இரண்டோடு மட்டும் ஃபுல் ஆனால் போதும். சரியாக ஓடுகிற நெட்வொர்க்கைப் பார்த்துப் பதறி ரீலோடு செய்கிறவர்கள் உண்டு.

இரண்டே ரவுட்டர் உள்ள ஈதர்நெட் இணைப்பில் டூ-வேயில் நின்றால் அது கோளாறுதான். இரண்டிலும் 'ஐபி ஓஎஸ்பிஎஃப் பிரையாரிட்டி 0' போட்டிருப்பார்கள். 0 என்றால் தேர்தலிலேயே நிற்காது. டிஆர் ஆக ஆளில்லை, அதனால் மேலே நகராது.

இதோடு ஒட்டிய இன்னொரு புகார்: "பிரையாரிட்டி 200 கொடுத்தேன், இன்னும் டிஆர் ஆகவில்லை." ஓஎஸ்பிஎஃப் தேர்தலில் ஏற்கெனவே பதவியில் இருப்பவரை நடுவில் இறக்க முடியாது. இருக்கிற டிஆரை நிறுத்தினாலும் பிடிஆர்தான் டிஆராக ஏறும், உங்கள் 200 காலியான பிடிஆர் இடத்துக்கு வரும். நேராக டிஆர் ஆக வேண்டுமென்றால் அந்த இரண்டு பேரின் பிராசஸையும் கிளியர் செய்ய வேண்டும். உண்மையான நெட்வொர்க்கில் இதை வேலை நேரத்தில் செய்யாதீர்கள்.

அறிகுறி: எக்ஸ்ஸ்டார்ட், எக்ஸ்சேஞ்ச் நிலையில் மாட்டிக்கொண்டது

இங்கே சந்தேகம் முதலில் எம்டியு (இன்டர்ஃபேஸ் ஒரே தடவையில் அனுப்பும் பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) மேல் போக வேண்டும். ஹலோவில் எம்டியு இல்லை, அதனால் டூ-வே வரை தடையில்லாமல் வந்துவிடும். அடுத்து டேட்டாபேஸின் பொருளடக்கத்தைப் பரிமாறும் பாக்கெட்டில் இன்டர்ஃபேஸின் எம்டியு எழுதியிருக்கும். தன் எம்டியுவைவிடப் பெரிய எண் வந்தால் ரவுட்டர் அந்தப் பாக்கெட்டை ஏற்காது. ஒருபக்கம் 1500, மறுபக்கம் 1400 என்றால் 1400 உள்ளவர் மறுத்துக்கொண்டே இருப்பார். இருவரும் திரும்பத் திரும்ப அனுப்பி, அலுத்து, உறவை அறுத்து, மறுபடி தொடங்குவார்கள்.

சாதா பிங் 100 பைட்தான், அதனால் அது இதைக் காட்டிக்கொடுக்காது. 'பிங் 10.0.12.2 சைஸ் 1500 டிஎஃப்-பிட்' அடித்தால் தெரிந்துவிடும். தீர்வாக 'ஐபி ஓஎஸ்பிஎஃப் எம்டியு-இக்னோர்' என்று ஒன்று இருக்கிறது, தேர்வுக்குத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதைப் போடுவதை நான் விரும்புவதில்லை. உறவு வந்துவிடும், பெரிய பாக்கெட்டுகளுக்கு நேரும் சிக்கல் அப்படியே இருக்கும். எம்டியுவை இரண்டு பக்கமும் சமமாக்குங்கள்.

அறிகுறி: ஃபுல் ஆகிவிட்டது, பாதை மட்டும் வரவில்லை

நெய்பர் ஃபுல் என்று பார்த்ததும் வேலை முடிந்ததாக நினைத்து வேறு இடத்தில் தேடப் போகிறவர்கள் அதிகம் என்பதால், இதை அழுத்திச் சொல்கிறேன். ஃபுல் என்றால் இருவரின் டேட்டாபேஸும் ஒன்றாகிவிட்டது, அவ்வளவுதான். அதில் நமக்கு வேண்டியது இருக்கிறதா, கணக்கு சரியாக வருமா என்பது தனி.

எந்தப் பாதை இல்லை என்று முதலில் பாருங்கள். ஆர்1-இல் 10.0.23.0/30 இருக்கிறது, 192.168.30.0/24 மட்டும் இல்லை என்றால் ஆர்3 தன் லேனை அறிவிக்கவில்லை. ஆர்3-இல் 'ஷோ ஐபி புரோட்டோகால்ஸ்' பார்த்தால் 'நெட்வொர்க்' வரிகள் எல்லாம் வரும். லேனுக்கான வரி இல்லாமல் இருக்கும், அல்லது லேன் இன்டர்ஃபேஸ் டவுனில் இருக்கும். பாக்கெட் டிரேசரில் சுவிட்சோ பிசியோ இணைக்காமல் விட்ட லேன் இன்டர்ஃபேஸ் அப் ஆகாது, அறிவிக்கவும் படாது.

நெய்பர் ஃபுல், ஆனால் அந்த நெய்பர் வழியாக, டேபிளில் ஓஎஸ்பிஎஃபைக் குறிக்கும் ஓர் ஓ-வரிகூட இல்லை என்றால் கதையே வேறு. இரண்டு பக்கமும் நெட்வொர்க் டைப் மாறியிருக்கிறது. ஆர்1-இன் கிகாபிட் இன்டர்ஃபேஸ் இயல்பான பிராட்காஸ்டில் இருக்கிறது, ஆர்2-இல் யாரோ 'ஐபி ஓஎஸ்பிஎஃப் நெட்வொர்க் பாயிண்ட்-டு-பாயிண்ட்' போட்டுவிட்டார்கள். இரண்டுக்கும் ஹலோ 10, டெட் 40, ஆகவே நெய்பர் ஆவதற்குத் தடையே இல்லை. ஃபுல் வரை போகும். ஆனால் அந்த ஒரே இணைப்பை ஆர்1 "இது பலர் சேரும் நெட்வொர்க்" என்றும், ஆர்2 "இது ஒருவரோடு நேர் இணைப்பு" என்றும் எல்எஸ்ஏவில் எழுதுகிறார்கள். எஸ்பிஎஃப் கணக்கு ஓர் இணைப்பை ஏற்க, இரு முனைகளும் ஒன்றையொன்று சுட்ட வேண்டும். இங்கே சுட்டவில்லை, அதனால் அந்த இணைப்பே வரைபடத்தில் இல்லாதது போல ஆகிவிடுகிறது.

இதைக் கண்டுபிடிக்க நெய்பர் அவுட்புட்டில் ஸ்டேட் பகுதியை இரு பக்கமும் பாருங்கள். ஒருபுறம் ஃபுல்லை அடுத்து டிஆர், பிடிஆர் போல ஒரு பொறுப்பு எழுதியிருக்கும். மறுபுறம் ஃபுல்லை அடுத்து வெறும் சிறு கோடு இருக்கும். கோடு என்றால் அந்தப் பக்கம் தேர்தலே இல்லாத பாயிண்ட்-டு-பாயிண்ட். இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். 'ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் டேட்டாபேஸ் ரவுட்டர்' பார்த்தால், எல்எஸ்ஏ வந்திருந்தும் அதை அனுப்பிய ரவுட்டரை அடைய முடியவில்லை என்ற குறிப்பும் தென்படும். ஒற்றை ஏரியா ஓஎஸ்பிஎஃபில் இதைவிட அழகாக ஒளிந்துகொள்ளும் பிழையை நான் பார்த்ததில்லை. லேபில் ஒருமுறை வேண்டுமென்றே உண்டாக்கிப் பாருங்கள்.

மூன்றாவதாக ஒன்று: பாதை டேட்டாபேஸில் இருக்கும், டேபிளில் வேறொருவர் அந்த இடத்தைப் பிடித்திருப்பார். 192.168.30.0/24-க்கு எப்போதோ போட்ட ஸ்டாட்டிக் ரவுட் இருந்தால், அதன் அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸ் (பாதை வந்த வழியின் நம்பகத்தைக் குறிக்கும் எண்) 1, ஓஎஸ்பிஎஃபுக்கு 110. சின்ன எண்தான் ஜெயிக்கும். டேபிளில் 'எஸ்' இருக்கும், 'ஓ' இருக்காது.

"என் லூப்பேக் 3.3.3.3/24, ஆனால் எதிரே /32 என்று தெரிகிறது" என்பதும் இந்த வரிசையில் வரும் கேள்வி. கோளாறில்லை. ரவுட்டருக்குள்ளேயே இருக்கும் கற்பனை இன்டர்ஃபேஸான லூப்பேக்கை ஓஎஸ்பிஎஃப் ஒற்றை முகவரியாகத்தான் அறிவிக்கும். முழு சப்நெட் வேண்டுமென்றால் அந்த லூப்பேக்கிலேயே நெட்வொர்க் டைப்பை பாயிண்ட்-டு-பாயிண்ட் ஆக்குங்கள்.

அறிகுறி: பாதை இருக்கிறது, பாக்கெட் வேறு வழியில் போகிறது

மூன்று விதிகளை இந்த வரிசையில் பாருங்கள், வரிசை மாறினால் விடை தப்பும். டேபிளில் உள்ளவற்றில் மிக நீளமான பிரிஃபிக்ஸ் பொருத்தம்தான் பாக்கெட்டை எடுத்துக்கொள்ளும். 10.1.1.200-க்குப் போகும் பாக்கெட்டுக்கு டேபிளில் ஓஎஸ்பிஎஃப் வழியாக 10.1.0.0/16, ரிப் வழியாக 10.1.1.0/24 இரண்டும் இருந்தால், அது ரிப் வழியில்தான் போகும். ரிப்புக்கு 120, ஓஎஸ்பிஎஃபுக்கு 110 என்பதெல்லாம் இங்கே செல்லாது. டிஸ்டன்ஸ் ஒப்பீடு ஒரே பிரிஃபிக்ஸ், ஒரே மாஸ்க் இரண்டு வழியாக வரும்போது மட்டும். ஒரே புரோட்டோகாலே இரண்டு வழி சொன்னால்தான் மெட்ரிக்.

ஓஎஸ்பிஎஃபின் மெட்ரிக் காஸ்ட். 100 எம்பிபிஎஸ்ஸை இன்டர்ஃபேஸின் வேகத்தால் வகுத்தால் வருவது. 10 எம்பிபிஎஸ்ஸுக்கு 10, 100-க்கு 1. கிகாபிட்டுக்குக் கணக்குப்படி 1-க்குக் கீழே வர வேண்டும், ஆனால் 1-க்குக் குறைய முடியாது. ஆகவே பழைய ஃபாஸ்ட் ஈதர்நெட்டும் 10 கிகாபிட்டும் அதற்கு ஒன்றுதான். ஓஎஸ்பிஎஃப் இரண்டின் வரையறையை ஜான் மோய் ஆர்எஃப்சி 2328-ஆக எழுதியது 1998-இல். இந்த 100 எம்பிபிஎஸ் அளவுகோலும் அந்தக் காலத்து வேகங்களுக்கு ஏற்றதுதான். இன்றைக்கு 'ஆட்டோ-காஸ்ட் ரெஃபரன்ஸ்-பேண்ட்வித் 10000' போட்டால் கிகாபிட் 10, ஃபாஸ்ட் ஈதர்நெட் 100 ஆகிவிடும். எல்லா ரவுட்டரிலும் ஒரே எண்ணைப் போடுங்கள். ஒன்றில் மட்டும் போட்டால் அதன் வழியே போகிற பாதை எல்லாம் விலை கூடியதாகத் தெரியும், டிராஃபிக் சுற்றிக்கொண்டு போகும்.

காஸ்ட்டைக் கையால் கூட்டும்போது வெளியே போகும் இன்டர்ஃபேஸ்களை மட்டும் கூட்டுங்கள். ஆர்1-லிருந்து ஆர்3-இன் லேனுக்கு: ஆர்1 வெளியே 1, ஆர்2 வெளியே 1, ஆர்3-இன் லேன் இன்டர்ஃபேஸ் 1. டேபிளில் 110/3 என்று வரும்.

அறிகுறி: மாற்று ஸ்டாட்டிக் ரவுட் தேவைப்படும்போது வரவில்லை, தேவையில்லாதபோது வந்து உட்காருகிறது

முதன்மை வழி போனால் மட்டும் டேபிளுக்கு வரும் ஃப்ளோட்டிங் ஸ்டாட்டிக்கை எழுதும்போது கடைசியில் டிஸ்டன்ஸ் எண்ணை விட்டுவிட்டால் அது 1 ஆகிவிடும், ஓஎஸ்பிஎஃபைத் தள்ளிவிட்டு மாற்று வழியே முதன்மை வழியாகிவிடும். 110-ஐவிடப் பெரிய எண் வேண்டும், 115 போல. சரியாக எழுதினால் அது டேபிளில் தெரியாது. தெரியவில்லை என்பதற்காகத் திரும்ப எழுதாதீர்கள், 'ஷோ ரன்னிங்-கான்ஃபிக்'கில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

முதன்மை வழியும் ஸ்டாட்டிக்காக இருந்தால் இன்னொரு சிக்கல். நடுவில் சுவிட்ச் இருந்து, அதற்கு அப்பால் கேபிள் அறுந்தால் உங்கள் இன்டர்ஃபேஸ் அப்பிலேயே இருக்கும். ஸ்டாட்டிக் ரவுட்டுக்கு எதுவும் தெரியாது, டேபிளில் அசையாமல் நிற்கும், மாற்று வழி வராது. ஓஎஸ்பிஎஃபாக இருந்தால் ஹலோ நின்று 40 நொடியில் தெரிந்துவிடும்.

அறிகுறி: ஆர்2-க்கு இன்டர்நெட் கிடைக்கிறது, ஆர்1-க்கும் ஆர்3-க்கும் இல்லை

ஆர்1-இல் "கேட்வே ஆஃப் லாஸ்ட் ரிசார்ட் இஸ் நாட் செட்" என்று வரும். ஆர்2-இல் ஸ்டாட்டிக் டிஃபால்ட் ரவுட் இருந்தாலும் ஓஎஸ்பிஎஃப் அதைத் தானாகப் பரப்பாது. ஆர்2-இன் ஓஎஸ்பிஎஃப் பிராசஸுக்குள் 'டிஃபால்ட்-இன்ஃபர்மேஷன் ஒரிஜினேட்' அடியுங்கள். மற்ற ரவுட்டர்களில் 0.0.0.0/0 என்ற பாதை 'ஓ*இ2' என்ற குறியோடு வரும். அடித்தும் வரவில்லையென்றால் ஆர்2-இன் சொந்த டேபிளில் டிஃபால்ட் ரவுட் இருக்கிறதா பாருங்கள். இல்லாததை அது பரப்பாது. 'ஆல்வேஸ்' சேர்த்தால் இல்லாவிட்டாலும் பரப்பும். ஒரே ஒரு வெளிவழி இருக்கும் இடத்தில் பரவாயில்லை. இரண்டு வெளிவழி இருந்தால் செத்த வழிக்கும் டிராஃபிக்கை இழுத்துவிடும் என்பதால் யோசித்துப் போடுங்கள்.

அறிகுறி: டிரேஸ்ரூட்டில் இரண்டே முகவரிகள் மாறி மாறி வருகின்றன

லூப். ஆர்2-இல் யாரோ 192.168.40.0/24-ஐ ஆர்3 பக்கம் ஸ்டாட்டிக்காகத் திருப்பியிருக்கிறார்கள், ஆர்3-இல் அப்படி ஒரு நெட்வொர்க்கே இல்லை. ஆர்3 தன் டிஃபால்ட் ரவுட்டைப் பார்த்து ஆர்2-க்கே திருப்பி அனுப்புகிறது. 10.0.23.1, 10.0.23.2 என்று பாக்கெட்டின் ஆயுள் எண்ணான டிடிஎல் தீரும்வரை பந்தாடும். 'ஷோ ஐபி ரூட் 192.168.40.1' என்று முகவரி கொடுத்து இரண்டு ரவுட்டரிலும் கேளுங்கள். எந்த வரியைப் பிடித்து முடிவெடுக்கிறது என்று ஒவ்வொன்றும் சொல்லிவிடும். நீக்க வேண்டியது ஆர்2-இல் உள்ள அந்தத் தவறான ஸ்டாட்டிக்கை, டிஃபால்ட் ரவுட்டை இல்லை.

அறிகுறி: ஐபிவி6 ஸ்டாட்டிக் ரவுட் போட்டும் பாக்கெட் நகரவில்லை

'ஐபிவி6 யூனிகாஸ்ட்-ரவுட்டிங்' அடித்தீர்களா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் இன்டர்ஃபேஸுக்கு முகவரி இருக்கும், பக்கத்து ரவுட்டருக்கு பிங் போகும், ஆனால் பிறர் பாக்கெட்டைக் கடத்திவிடாது. நெக்ஸ்ட் ஹாப்பாக எஃப்இ80-இல் தொடங்கும் லிங்க்-லோக்கல் முகவரியைக் கொடுத்தால் வெளியே போகும் இன்டர்ஃபேஸையும் சேர்த்து எழுத வேண்டும். அந்த முகவரி எல்லா இணைப்பிலும் இருக்கக்கூடியது, எந்த இணைப்பில் தேடுவது என்று ரவுட்டருக்குத் தெரியாது. இரண்டும் சரியென்றால் ஐபிவி4-க்குச் செய்தது போலவே எதிர்த்திசைப் பாதையை ஆர்3-இல் தேடுங்கள்.